மின்னல் உருக்கிய குழாய்

மலாயா அவசரகாலச் சோதனைச் சாவடியில், காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடுமென்று ஒரு பிடி அரிசியைக்கூட விடாத காவலர் தம்புசாமி, ராமையாவின் பையிலிருந்த கரடுமுரடான குழாயைத் தட்டிப் பார்த்தார்.

“உம்பாய் கடற்கரை மணல்ல மின்னல் விழுந்து உருகின கண்ணாடிண்ணே.”

“சரி, எடுத்துட்டுப் போ லா.”

“துப்பாக்கிக் குழல் மாதிரி இல்ல? பறிமுதல் பண்ணுங்கண்ணே!”

“கண்ணாடியில எவன்யா சுடுவான்? உண்மையச் சொல்லு, எதுக்கு இதைத் தொலைக்கப் பார்க்கிற?”

ராமையாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

“பெண்டாட்டி இதை மின்னல் சாமின்னு கும்பிடுறா. அதுலேருந்து வீட்டுல மீன் குழம்பே கிடையாது. நானா தூக்கிப் போட பயமா இருக்கு. போலீஸ் பிடுங்கிட்டாங்கன்னா, பழி எம்மேல வராதுல்ல?”

தம்புசாமி பூட்ஸைக் கழற்றிவிட்டு, குழாயைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

“சாமிய இப்படியா பையில போட்டுத் தூக்கிட்டு வருவ?”

சாமி போலீஸ் லாரியில் காவலோடு வீடு திரும்பியது. ராமையாவுக்குத்தான் லாரியில் இடமில்லை.