முன்னாடி அடிச்சவன்

“எந்தப் படுபாவிம்மா இந்தச் சுவருக்குப் பெயிண்ட் அடிச்சான்?”

மேஸ்திரி பட்டித் தகட்டைச் சுவரில் வைத்து லேசாக நெம்பினார். பழைய பெயிண்ட் தோல் தோலாக உரிந்து அவர் காலடியில் விழுந்தது.

“பாருங்க, பின்பக்கம் பூரா தூசி, பிசுக்கு. கழுவலை. தேய்க்கலை. பிரைமர்னு ஒண்ணைக் கண்ணுலயே காட்டலை. அழுக்கு மேலயே இழுத்து விட்டுட்டு ஓடியிருக்கான். வேலையா இது? தூ!”

வீட்டுக்காரிக்குக் கேட்கக் கேட்க வயிறு எரிந்தது. உண்மையைச் சொல்வதென்றால், உள்ளுக்குள் கொஞ்சம் குளுகுளுவென்றும் இருந்தது. ஏனென்றால் அந்த வேலையை முன்னால் நின்று முடித்தது அவளுடைய கொழுந்தன்.

அப்போது அவளும் புருஷனும் வெளியூரில் இருந்தார்கள். வீடு காலியாகக் கிடந்தது. “அண்ணி, நீங்க கவலையை விடுங்க, நான் பார்த்துக்கறேன்” என்று சாவியை வாங்கிக்கொண்டான். நன்றாகத்தான் பார்த்துக்கொண்டான்! இவர்கள் குடிவந்து ஒரு மழைக்காலம் தாண்டவில்லை, சுவர் சட்டை உரிக்க ஆரம்பித்துவிட்டது.

“பெயிண்டர் கேட்ட சாமான் அத்தனையும் வாங்கிக் கொடுத்தேன் அண்ணி. நான் ஆபீஸ் போற நேரத்துல அவர் என்ன செஞ்சாரோ, எனக்கு எப்படித் தெரியும்?” என்றான்.

“அடேயப்பா, பச்சைக் குழந்தை! பிரைமர் டப்பாவை எந்தக் கடைக்குத் திருப்பிக் கொடுத்தே? அதைச் சொல்லு முதல்ல” என்று சொந்தக்காரர்கள் நாலு பேர் இருக்கும்போதே கேட்டுவிட்டாள்.

அன்றைக்குப் போனவன்தான். இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறான். வாசற்படி மிதிக்கவில்லை.

“முன்னால நின்னு பார்த்தது யாரும்மா?” என்றார் மேஸ்திரி.

“என் கொழுந்தன்.”

“அப்ப விஷயம் முடிஞ்சுது. அவரும் பெயிண்டரும் கூட்டு. நான் பார்க்காத வீடா? இப்பவே நாலு இடத்துல வேலை ஓடுது.”

அவள் புருஷன் பக்கம் திரும்பினாள். “காதுல விழுந்துச்சா? நான் சொன்னா பொல்லாதவ. இப்ப தொழில் தெரிஞ்சவரே சொல்றாரு.” சொல்லிக்கொண்டே போனை எடுத்துவிட்டாள். “தம்பி, உடனே கிளம்பி வா. உன் லட்சணத்தை உன் கண்ணாலயே பாரு. இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சாகணும்.”

“விடேன்மா” என்றார் புருஷன். “எனக்குன்னு இருக்கிறது ஒரே தம்பி. ஒரேயடியா அத்துப் போயிடும்.”

“போகட்டும். சனியன் தொலைஞ்சுதுன்னு தலை முழுகிடறேன்.”

அவர் ஜன்னல் பக்கம் போய் நின்றார்.

மேஸ்திரிக்குச் சுருதி கூடிவிட்டது. “பெயிண்டிங்னா ஒரு முறை இருக்கும்மா. சாமானை நடுவுல இழுத்துப் போட்டு மூடணும். உரியறதைச் சுரண்டணும். கழுவிக் காயவிடணும். விரிசலுக்குப் பட்டி. அது காஞ்சதும் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கணும். தூசியைத் துடைச்சு பிரைமர். அதுக்கப்புறம்தான் பெயிண்ட் டப்பாவையே திறக்கணும்.”

இவரல்லவா வேலைக்காரர் என்று அவளுக்குப் பூரித்துப்போயிற்று. இந்த மனுஷன் அன்றைக்கே கிடைத்திருந்தால் இந்தத் தலையெழுத்து உண்டா?

மேஸ்திரியின் முதுகுக்குப் பின்னால் அவருடைய ஆள் பெயிண்ட் டப்பாவைத் திறந்து குச்சி விட்டுக் கிண்டிக்கொண்டிருந்தான்.

“அவர் ஏன் அதுக்குள்ள திறக்கறாரு?”

“அது... கலர் சரியான்னு பார்க்கறான்மா. நீங்க இந்தச் சுவரைப் பாருங்க.” டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து அடித்தார். மேடும் பள்ளமும் தெரிந்தன. “ஐயய்யோ, கண்றாவி! இதைச் செஞ்சவனும் கையால சோறு திங்கறானே!”

அந்த நேரம் பார்த்து கொழுந்தன் வந்தான். படியேறவில்லை, வாசலிலேயே நின்றான்.

“வாங்க துரை” என்றாள். “பெயிண்டர் மேல பழியைப் போட்டியே, இங்க ஒரு பெயிண்டர் சொல்றதைக் கேளு.”

மேஸ்திரி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சுவரைத் தடவியபடி பேசிக்கொண்டே போனார். “சுவரும் கைக்குழந்தையும் ஒண்ணும்மா. குளிப்பாட்டாம புதுச்சட்டை போட்டு விட்டா...”

“உடம்பெல்லாம் அரிச்சு, ராத்திரிக்குள்ள சட்டையைக் கிழிச்சு எறிஞ்சிடும்” என்று வாசலிலிருந்து குரல் வந்தது.

மேஸ்திரி திரும்பினார். முகமெல்லாம் சிரிப்பு. “அட, இது நான் வழக்கமா சொல்றதாச்சே! உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“போன தடவை இதே சுவத்துக்கிட்ட நின்னுதானே சொன்னீங்க மேஸ்திரி? அதுக்கும் முன்னாடி அடிச்சவனைத் திட்டும்போது.”

டப்பாவில் கிண்டிக்கொண்டிருந்த குச்சி நின்றது.

மேஸ்திரி ஜன்னலைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். “வீடு... அப்ப காலியா இருந்துச்சில்ல...” என்று இழுத்தார்.

ஜன்னலோரம் நின்ற புருஷன் அவளையே பார்த்தார். அவளுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. உரிந்து கிடந்த பெயிண்டை மிதித்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

“தம்பி... உள்ள வா. வந்து உட்காரு.”

அவன் வரவில்லை.

“இருக்கட்டும் அண்ணி. பிரைமர் டப்பா எந்தக் கடைக்குத் திரும்பிப் போச்சுன்னு இவர்கிட்ட கேளுங்க. நாலு பேரை வச்சுக்கிட்டே கேளுங்க.”