திரையில் ஒரு வணக்கம்

"அப்பா, ஓடி வாங்க! உங்க கெர்னல் வணக்கம் சொல்லுது!"

மகள் போட்ட சத்தத்தில், பாதிச் சவரத்தோடு ஓடி வந்தார் அவர். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் 'வணக்கம்'!

கம்ப்யூட்டரை இயக்கும் கெர்னலை முதல் வரியிலிருந்து தானே எழுதுகிறேன் என்று மூன்று வருடமாகக் கல்லில் நார் உரித்துக்கொண்டிருந்தவர். அது வணக்கம் சொல்லும் நாளில்தான் குடும்பத்தோடு கடலுக்குப் போவது என்று சபதம் வேறு.

"இனி யாராவது என்னை உதவாக்கரைன்னு சொல்லட்டும்!" என்று மனைவியிடம் மார்தட்டினார்.

"சொன்னது நான் மட்டும்தானே. சரி, வேற என்ன செய்யும்?"

"வணக்கம் சொல்லும். போதாதா?"

"போதும், போதும். கிளம்புங்க."

அம்மாவும் மகளும் ஏற்கெனவே செருப்பு மாட்டியிருந்தார்கள்.

பெருமையோடு மேஜையைத் தடவிக்கொடுத்தார். கை மவுஸில் பட்டது. வணக்கத்தின் மேல் ஓர் அம்புக்குறி நகர்ந்தது.

அவருடைய கெர்னலில் மவுஸுக்கென்று ஒரு வரிகூடக் கிடையாது. மூன்று வருட உழைப்பை மகள் பத்தே நிமிடத்தில் படமாக வரைந்து திரையில் போட்டிருக்கிறாள். கெர்னலைப் பெற்றவருக்கே வித்தியாசம் தெரியவில்லை.

"என்னங்க, ஏதாவது கோளாறா?" மனைவியின் குரலில் லேசான பயம்.

"ஒண்ணுமில்ல. நான் எழுதாத மவுஸ்கூட வேலை செய்யுது. வாங்க, கடலுக்குப் போவோம்."