வீட்டுக்குள் ஒரு வாடை

மாமனாரின் படுக்கை விரிப்பை இரண்டு விரலால் தூக்கி வாளிக்குள் போட்டார் மாப்பிள்ளை. அதன் மேல் பாதி பாட்டில் பினாயிலைக் கவிழ்த்தார்.

"நேத்துதானே துவைச்சேன்," என்றாள் மனைவி.

"துவைச்சு என்ன? வீடு முழுக்க மூத்திர வாடை. சோத்துல கை வச்சாலே குமட்டுது. அடக்க முடியலன்னா உங்கப்பாவ வாயத் திறந்து சொல்லச் சொல்லு."

அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள். 'வாடை அப்பாகிட்ட இல்லீங்க' என்று ஒரு தடவை சொல்லப்போய், அவர் எறிந்த சாப்பாட்டுத் தட்டு சுவரில் போய் விழுந்திருந்தது.

மாமனார் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். தன் மனைவி இறந்த பிறகு மகள் வீட்டோடு வந்துவிட்டார். இரண்டு வேளையும் குளிப்பார், தன் துணியைத் தானே அலசிப் போடுவார். அப்படியும் மாப்பிள்ளை அவர் நாற்காலிக்குப் பிளாஸ்டிக் உறை மாட்டினார். அவர் எழுந்து போனதும் குனிந்து முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளித்தார்.

அன்று சாயங்காலம் முடிவாகவே சொல்லிவிட்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்க மாமா. ஒரு முதியோர் இல்லத்துல பேசிட்டேன். சேர்க்கிறதுக்கு முன்னாடி ரத்தம் டெஸ்ட் பண்ணிட்டு வரச் சொல்றாங்க. கிட்னி எப்படி இருக்குன்னு பாக்கணுமாம். காலையில போயிடலாம்."

பக்கத்தில் நின்ற மகளுக்குக் கண் நிறைந்துவிட்டது. மாமனார் கோபப்படவில்லை.

"போலாம் மாப்பிள்ளை. ஆனா ஊசின்னா எனக்குக் கொஞ்சம் பயம். நீங்களும் கூடக் குடுத்தீங்கன்னா நானும் குடுத்துடுவேன்."

"எனக்கு எதுக்கு மாமா?"

"ஒரு தைரியத்துக்குத்தான்."

தொல்லை ஒழிந்தால் போதும் என்று மாப்பிள்ளை ஒத்துக்கொண்டார்.

காலையில் மாமனாரைப் பின்சீட்டில் உட்காரவைத்து, கார் ஜன்னல்கள் அத்தனையும் இறக்கிவிட்டார். முகக்கவசமும் மாட்டிக்கொண்டார். வாடை இம்மியும் குறையவில்லை. கருமம், கருமம் என்று முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினார்.

பரிசோதனைக்கூடத்தில் மாமனார்தான் முதலில் கையை நீட்டினார். ஊசி இறங்கும்போது கண்ணைக்கூட மூடவில்லை.

அடுத்து மாப்பிள்ளை உட்கார்ந்து, முகக்கவசத்தை இறக்கிவிட்டு, "சீக்கிரம் எடும்மா" என்றார். ரத்தம் எடுக்கும் பெண் சட்டென்று முகத்தை வேறு பக்கம் திருப்பினாள். மாப்பிள்ளைக்கு அவமானமாகப் போய்விட்டது.

"அவரு வயசானவரும்மா. அடக்க முடியாது. வீட்டுல நாங்க படுறது எங்களுக்குத்தான் தெரியும்."

வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் மாமனாரைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு அம்மாள் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். மாமனார் தலை குனிந்து நின்றார்.

மறுநாள் ரிப்போர்ட் வந்தது. மருத்துவர் இருவரையும் எதிரே உட்காரச் சொன்னார்.

"பெரியவருக்கு ஒரு குறையும் இல்ல. இந்த வயசுல கிட்னி இவ்வளவு நல்லா இருக்கிறது ஆச்சரியம்தான்."

மாப்பிள்ளைக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. மேசைமேல் முன்னுக்குச் சாய்ந்தார். "அப்ப ஏன் சார் இப்படி நாறுது? ஒரே வீட்டுல இருக்க முடியல. இவரு கூட உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட முடியல."

மருத்துவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டார். பிறகு இன்னொரு தாளை எடுத்தார்.

"இது உங்களுது. ரத்தத்துல கிரியேட்டினின்ங்கிற கழிவு ஒண்ணை ஒட்டி இருக்கணும். உங்களுக்கு எட்டைத் தாண்டியிருக்கு. யூரியாவும் எக்கச்சக்கமா ஏறிக் கிடக்கு. ரெண்டு கிட்னியும் வேலை செய்யிறதைக் கிட்டத்தட்ட நிறுத்திடுச்சு. இன்னிக்கே ஆஸ்பத்திரியில சேருங்க. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா உயிருக்கே ஆபத்தாயிருக்கும்."

மாப்பிள்ளையின் கை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டது. "எனக்கா சார்? நல்லாப் பாருங்க. மாத்தி எழுதியிருக்கப் போறாங்க."

"மாத்தலங்க. யூரியா இந்த அளவுக்கு ஏறினா மூச்சுலயே மூத்திர வாடை வரும். இங்க வரைக்கும் அடிக்குதே. வீட்டுல ஒருத்தர்கூடவா சொல்லல?"

மாப்பிள்ளை சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார். மெல்லத் திரும்பிப் பக்கத்து நாற்காலியைப் பார்த்தார். மருத்துவரும் அங்கேதான் பார்த்தார்.

மாமனார் தயங்கித் தயங்கி மருத்துவரிடம் சொன்னார்:

"மாப்பிள்ளைகிட்டப் போய், உங்க வாய்தான் நாறுதுன்னு மாமனார் எப்படிங்க சொல்றது?"