பாதியில் திறந்த ஓவன்

“கேக் பாதி வேகும்போது ஓவனைத் திறக்கக் கூடாதுன்னு சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியுமே, உங்களுக்குத் தெரியாதா?”

டிவியில் நடுவர் என் அம்மாவைத்தான் கேட்டார்.

எங்கள் ஹால் நிரம்பி வழிந்தது. சோபாவில் இடம் போதாமல் தரையிலும் ஆட்கள். மாடிப்படியில் எதிர்ப்பட்டவர்களை எல்லாம் அப்பா அழைத்துவைத்திருந்தார்: “ஞாயித்துக்கிழமை மத்தியானம் வந்துடுங்க. டிவியில வீட்டுச் சமையல் போட்டி. ஃபைனல்ல யாருன்னு நினைச்சீங்க? என் பொண்டாட்டி!”

இப்போது அவர் ரிமோட்டைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டார். ரிமோட் அவர் மடியில்தான் இருந்தது.

திரையில் அம்மாவின் கேக், யாரோ மேலே உட்கார்ந்து எழுந்ததுபோல நடுவில் குழி விழுந்து கிடந்தது.

படம் பிடித்து மாதக்கணக்காகிறது. ஒளிபரப்பாகும்வரை முடிவைச் சொல்ல மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருந்ததால் அம்மா எங்களிடம்கூட வாயைத் திறக்கவில்லை. அவள் வாயைத் திறக்காததாலேயே ஜெயித்துவிட்டாள் என்று அப்பா முடிவு கட்டியிருந்தார்.

“நல்லா வந்துக்கிட்டிருந்த கேக்கை இவளே திறந்து கெடுத்தாளே!” என்றாள் அத்தை, அப்பாவின் அக்கா. “பக்கத்து மேஜையில பஸ் ஓட்டுற பொண்ணு. அவ ரொட்டியைப் பாரு, எப்படி உப்பியிருக்கு! நாள் முழுக்க ஸ்டியரிங் பிடிக்கிறவளுக்கு வருது, நாள் முழுக்க கரண்டி பிடிக்கிறவளுக்கு வரலையே.”

“விடுக்கா,” என்றார் அப்பா.

“எதைடா விட? டிவிக்குப் போறவ ஒரு நல்ல துணியாவது கொண்டு போனாளா? பழசைக் கொண்டு போய்க் கட்டித் தொங்கவிட்டிருக்கா.”

அத்தை சொன்னது அம்மாவின் பிடிதுணியை. நான் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றதும் என் நீலக் கட்டம் போட்ட யூனிஃபார்மை வெட்டி, பாக்கெட்டோடு சேர்த்துத் தைத்தது. கண்ட இடத்தில் வைத்துத் தொலைத்துவிடுவாள் என்பதால், போட்டி ஆரம்பித்ததுமே அதைத் தன் ஓவன் கைப்பிடியில் முடிச்சுப் போட்டுக் கட்டினாள். அதையும் காட்டினார்கள்.

“மக படிப்பைப் பாதியில விட்டா. அம்மா கேக்கைப் பாதியில விட்டா,” என்றாள் அத்தை. “தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை. சும்மாவா சொன்னாங்க?”

சிலர் சிரித்தார்கள். கீழ்வீட்டு டெய்லர் மட்டும் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அத்தை மேல் எப்போதும் வருவதுதான். இந்தத் தடவை அம்மா மேலும் வந்தது. கேக் உள்ளே இருக்கும்போது நான் ஓவன் பக்கம் போனாலே கையில் அடிப்பவள் அவள். இவள் ஜெயித்தாலாவது என்னைப் பற்றிய பேச்சு அடங்கும் என்று காத்திருந்தேன். இப்போது பேச்சு இரண்டு பங்காகிவிட்டது.

அம்மாவோ, திரையில் நடுவர் வருவதற்கு முன்பே எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள்.

திரையில் பஸ்கார அக்காவிடம் கோப்பையைக் கொடுத்தார்கள். அவள் தேம்பித் தேம்பி அழுதாள்.

“இது என்னோட பரிசு இல்ல…” என்று ஆரம்பித்தாள். சட்டென்று காட்சி மாறிவிட்டது.

“பார்த்தீங்களா, என்ன ஒரு அடக்கம்!” என்றாள் அத்தை.

ஜெயித்த ரொட்டி வெளியே வருவதை மறுபடி காட்டினார்கள், இசையோடு, ரொம்ப மெதுவாக. ஓவன் கதவு திறக்கிறது. ரொட்டித் தட்டு வருகிறது. ஆவி பறக்கிறது. கதவின் கைப்பிடியில் ஒரு துணி, முடிச்சோடு தொங்குகிறது.

நீலக் கட்டம். பாக்கெட். அதில் என் பேனா கசிந்த கறை.

சமையலறைக்கு ஓடினேன். வந்தவர்களுக்குக் கொடுக்க அம்மா கேக்கை வெட்டிக்கொண்டிருந்தாள். இந்த கேக்கில் குழி இல்லை.

“அது உன் ஓவன்!”

“மெதுவாப் பேசுடி.”

“அவ ரொட்டி உன் ஓவனுக்குள்ள எப்படிப் போச்சு?”

“அவ ஓவன்ல சூடே ஏறல. வேற கொண்டு வர்றதுக்குள்ள நேரம் முடிஞ்சிடும்னுட்டாங்க. உப்பின மாவு காத்திருக்குமா? கையைப் பிசைஞ்சுக்கிட்டு நின்னா. என்னோடதுல கீழ்த்தட்டு சும்மாதானே இருந்தது.”

“திறந்தா உன் கேக் அமுங்கிடும்னு தெரியாதா?”

“தெரியாமலா உன் கையில அத்தனை அடி போட்டேன்?”

“நடுவர் கேட்டப்பவாவது சொல்லித் தொலைச்சிருக்கலாமே!”

“சொல்லியிருந்தா அவ ஜெயிச்சதைப் பிச்சைன்னு சொல்வாங்க. நிஜமாவே நல்ல ரொட்டிடி அது. நானும் ஒரு துண்டு தின்னேன்.”

“சரி, டிவிக்காரங்க ஏன் அதைக் காட்டல?”

அம்மா ஹால் பக்கம் கண்ணைக் காட்டினாள். ஹாலில் டிவி சொன்னது: “இந்த நிகழ்ச்சியை உங்களுக்கு வழங்கியவர்கள்… நொடியில் சூடாகும், ஒருநாளும் பழுதாகாத, உங்கள் அபிமான ஓவன்!”

“நான் போய் எல்லார்கிட்டயும் சொல்லப் போறேன்.”

“வாயைத் திறந்தே, பல்லு இருக்காது. இந்தா, தட்டை எடுத்துட்டுப் போ.”

எடுத்துக்கொண்டு போனேன். அத்தைதான் முதலில் கை நீட்டினாள், பெரிய துண்டாகப் பார்த்து.

“அத்தை, கொஞ்ச நேரம் முன்னாடி ஒண்ணு சொன்னீங்களே, தாயைப் போல பிள்ளைன்னு?”

“ஆமா, சொன்னேன். அதுக்கு என்ன இப்போ?”

“எல்லாருக்கும் கேக்குற மாதிரி இன்னொரு தடவை சொல்லுங்க.”