வாஷ்பேசின் வம்சம்

ஓர் ஆஸ்பத்திரியில், கிருமிகளின் மரபணுவை எழுத்தெழுத்தாகப் படித்துச் சொல்லும் இயந்திரம் ஒன்று இருந்தது. ஒருநாள் எந்த மருந்துக்கும் சாகாத கிருமி ஒன்றை, ஐசியூ நாலாம் படுக்கையிலிருந்து எடுத்துவந்து அதனிடம் கொடுத்தார்கள்.

இயந்திரம் படித்துப் பார்த்துவிட்டு, "போன வாரம் ஏழாம் படுக்கையிலேர்ந்து வந்தவன் உனக்கு யாரு?" என்று கேட்டது.

"அண்ணன். அந்தப் படுக்கை இப்போ காலி," என்றது கிருமி.

"வார்டு வாஷ்பேசின் குழாயில சுரண்டி எடுத்தாங்களே, அவ?"

"எங்க ஆத்தா. நாங்க அத்தனை பேரும் அங்க பொறந்தவங்கதான்."

இயந்திரத்துக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. வேரே கிடைத்துவிட்டது. 'கிருமி வாஷ்பேசினில் இருக்கிறது, கை வழியாகப் பரவுகிறது' என்று அறிக்கை அனுப்பியது. இனி வாஷ்பேசினைப் பெயர்த்து எறிந்துவிடுவார்கள், நாலாம் படுக்கையோடு இது நின்றுவிடும் என்று நம்பியது.

பத்தாம் நாள் ஒன்பதாம் படுக்கையிலிருந்து ஒரு கிருமி வந்தது. அதே குடும்பம், ஓரெழுத்துதான் வித்தியாசம்.

"வாஷ்பேசினை இன்னும் எடுக்கலையா?" என்று கேட்டது இயந்திரம்.

"எங்க எடுத்தாங்க? 'கை வழியாகப் பரவுகிறது'ங்கிற வரியை மட்டும் படிச்சிட்டு, வாஷ்பேசினுக்கு மேலேயே போர்டு மாட்டிட்டாங்க. நோயாளியைத் தொடுறதுக்கு முன்னாடி எல்லாரும் இங்கதான் கை கழுவணுமாம். முன்னெல்லாம் யாராவது ஒருத்தர் வருவாங்க. இப்போ வரிசையில நிக்கிறாங்க."

பன்னிரண்டாம் படுக்கையின் குப்பியோடு நர்ஸ் உள்ளே வந்தாள். அவள் கையில் ஈரம் இன்னும் காயவில்லை.