கோர்சிக்காவின் செம்மண்

பாரிஸ் மச்சானோடு கோர்சிக்காத் தீவின் மலைப்பாதைகளில் ஒரு கிழமை நடந்துவிட்டு அருளானந்தம் கனடாவுக்கு, ஸ்காபரோ வீட்டுக்குத் திரும்பி மாதம் ஒன்றாகிறது. ஆனாலும் அப்பார்ட்மென்ற் கதவுக்கு வெளியே அவர் கழற்றி வைத்த மலைச் சப்பாத்தில் தினமும் காலையில் புதுச் செம்மண். தெருவிலோ முழங்காலளவு ஸ்னோ.

முன்வீட்டுப் புஷ்பம் அன்ரியின் கண்ணுக்கு இது தப்புமா?

"வதனி, பக்கத்து ஊர் பிக்கரிங்கிலை ஆரோ ஒருத்தியின்ரை வீட்டிலை மலை முளைச்சிருக்கு போலை. மனுசனைக் கவனி பிள்ளை."

இருபது வருடக் குடும்பம். வதனிக்குச் சுருக்கென்றது. புருசனைப் பிடித்துக் கேட்டாள்.

"எங்கையப்பா போட்டு வாறியள்?"

"சத்தியமா நான் படுக்கையை விட்டு எழும்பேல்லையப்பா."

அன்றிரவு வதனி சப்பாத்தை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, அவர் கையை இறுக்கிப் பிடித்தபடி தூங்கினாள்.

விடிந்தபோது கை கைக்குள்ளேயே இருந்தது. போர்வையை விலக்கிப் பார்த்தாள். அவர் பாதங்கள் கழுவி வைத்தது போலச் சுத்தம். அப்பாடா என்று தேத்தண்ணி வைக்க எழும்பினாள்.

கட்டிலருகே, அவள் படுத்திருந்த பக்கத்தில், செம்மண் படிந்த வெறுங்கால் தடங்கள். அருளானந்தத்தின் வளைந்த கால் சின்னவிரல் அப்படியே பதிந்திருந்தது. தடங்களைப் பிடித்துக்கொண்டே பூட்டிய கதவைத் திறந்து லிப்ட் வரை போய்ப் பார்த்தாள். எல்லாம் உள்ளே வந்தவை. திரும்பிப் போனது ஒன்றுகூட இல்லை.