காலி விளக்குப்பொறி

மாமியார் போட்டுத் தந்த ஆம்லெட்டை மென்றபடியே பூச்சி ஆராய்ச்சியாளர் மேலதிகாரியிடம் போனில் பேசினார்.

"புல்தண்டைத் துளைக்கிற அந்த வைக்கோல் நிற அந்துப்பூச்சி அழிஞ்சே போச்சு சார். எங்க வீட்டுக்குப் பின்னால இருக்கிற புல்வெளியை விட்டா அதுக்கு வேற இடமே கிடையாது. இந்த சீசன் முழுக்க ராத்திரியில பூச்சி பிடிக்க விளக்குப்பொறி வெச்சேன். காலையில போய்ப் பார்த்தா ஒண்ணுகூட விழல. நிலத்தை ரோடு போடக் கொடுத்துடலாம்."

போனை வைத்தவர் சாப்பிடாமல் ஆம்லெட்டைக் கிளறினார்.

"மனசை விட்டுடாதீங்க மாப்பிள்ளை. இன்னொரு முட்டை போடட்டுமா?"

"போடுங்க அத்தை. நீங்க வந்த பிறகுதான் நம்ம கோழிங்க ஒழுங்கா முட்டை போடுது. அப்படி என்னதான் தீனி வைக்கிறீங்க?"

"எல்லாம் உங்க புண்ணியம்தான். பின்னால லைட் போட்டுப் பெட்டி வெச்சிருக்கீங்களே, விடியறதுக்குள்ள பூச்சி ரொம்பிடுது. நீங்க எழுந்து சிரமப்பட வேணாம்னு நானே கோழிக்குக் கொட்டிட்டு, பெட்டியைத் துடைச்சு வெச்சிடறேன். அதுலயும் அந்த வைக்கோல் நிறப் பூச்சின்னா கோழிங்க அடிச்சுக்குதுங்க!"

ஆராய்ச்சியாளர் பதறிப்போய் மறுபடியும் போனை எடுத்தார்.

"சார், அது அழியல!"

"அப்படியா? எங்கேய்யா பார்த்தீங்க?"

ஆராய்ச்சியாளர் தட்டைப் பார்த்தார்.